பதில் சொன்னது எந்த சர்வர்?

“இன்டர்நெட் வரவில்லை” என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கண்ணால் கண்டது ஒரு பிரவுசர் பக்கம் திறக்காமல் நின்றதை மட்டும்தான். கேபிள் கழன்றிருந்தாலும் அந்தப் பக்கம் அப்படித்தான் நிற்கும். எதிர்முனை சர்வர் படுத்துவிட்டாலும், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தடுமாறினாலும் அப்படித்தான் நிற்கும். பத்துப் பதினைந்து கணினிகள், ஓரிரு பிரின்டர்கள், ஒரு கோப்பு சர்வர், ஒரு ரவுட்டர் என்ற அளவில் இயங்கும் அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்படிப்பட்ட இடங்களில் இதற்கென்று தனி ஆள் இருக்க மாட்டார். கணினி பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், கையில் இருக்கும் கணக்கு வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போய் ரவுட்டரை அணைத்துப் போடுவார். அவரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அணைத்துப் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்வேன். ரவுட்டருக்குள்ளும் கணினிக்குள்ளும் டிஎன்எஸ் பதில்கள் ‘கேச்’ என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைக்கப்பட்டிருக்கின்றன. அணைத்த கணமே ரவுட்டரில் இருந்தவை அழிந்துபோகின்றன. கோளாறும் பல நேரம் அவற்றோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. எல்லாரும் நிம்மதியாக வேலைக்குத் திரும்புகிறார்கள். மறுவாரம் அதே கோளாறு வந்து நிற்கும்போது, சென்ற முறை என்ன நடந்தது என்பதற்கு ஒரு தடயமும் இருப்பதில்லை. மாதக்கணக்கில் இப்படியே ஓடிக்கொண்டிருந்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றில் கோளாறு ரவுட்டரில் இருக்கவேயில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். நம் கணினி எந்த சர்வரிடம் கேட்டது? உண்மையில் பதில் சொன்னது எது? அது சொன்ன பதில் என்ன? டிஎன்எஸ் கோளாறுகளைத் தேடுவதில் என் அனுபவம் முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களிடம் “எப்போதும் டிஎன்எஸ்தான் காரணம்” என்றொரு பேச்சு உண்டு. அது தீங்கு செய்யும் பேச்சு என்றே நினைக்கிறேன். அதைக் கேட்டுப் பழகியவர்கள் டிஎன்எஸ்ஸைக் குற்றம்சாட்டுவதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறார்கள். நெட்வொர்க்கின் மற்ற பாகங்களோடு ஒப்பிட்டால், தனக்கு என்ன நேர்ந்தது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லக்கூடிய பாகம் வேறு கிடையாது. நாம்தான் கேட்பதில்லை.

முதலில் பாதையையும் பெயரையும் பிரித்துவிட வேண்டும். பெயர் எதுவும் இல்லாமல், 1.1.1.1 அல்லது 8.8.8.8 போன்ற ஒரு பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரிக்கு நேரடியாக பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அனுப்பிப் பாருங்கள். அதற்குப் பதில் வந்து, பெயர் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் பாதை திறந்திருக்கிறது, பெயரில்தான் சிக்கல். முகவரிக்கே பதில் வராவிட்டால் உடனே முடிவுகட்ட வேண்டாம். பிங் அனுப்புவதையே தடுத்துவைத்திருக்கும் ஃபயர்வால்கள் உண்டு.

பெயரில்தான் சிக்கல் என்று தெரிந்தபின், ஒரு பெயர் எந்தெந்த வாசல்களைக் கடந்து போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பிரவுசர் தன் கேச்சைப் பார்க்கிறது. பிறகு இயங்குதளத்திடம் கேட்கிறது. இயங்குதளம் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பையும் தன் கேச்சையும் பார்த்துவிட்டு, தனக்குத் தரப்பட்ட டிஎன்எஸ் சர்வருக்குக் கேள்வியை அனுப்புகிறது. சிறிய அலுவலகத்தில் அது பெரும்பாலும் ரவுட்டர்தான். ரவுட்டருக்குள் இருப்பது முழு டிஎன்எஸ் சர்வர் அல்ல. கேள்வியை வாங்கி இணைய சேவை நிறுவனத்தின் சர்வருக்கோ ஒரு பொது சர்வருக்கோ கடத்திவிடும் சிறிய நிரல் அது. பல ரவுட்டர்களில் இருப்பது ‘டிஎன்எஸ்மாஸ்க்’ என்ற நிரல். எதையும் மாற்றாவிட்டால் அது 150 பெயர்களை மட்டுமே கேச்சில் வைத்துக்கொள்ளும். கடத்தப்பட்ட கேள்வியை வாங்கும் பெரிய சர்வர்தான், தேவைப்பட்டால், ‘ஏ’ முதல் ‘எம்’ வரை பெயரிடப்பட்ட 13 மூல சர்வர்களில் ஒன்றில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, அந்தப் பெயருக்கு உரிமையுள்ள சர்வரிடம் விடை வாங்கி வருகிறது.

இதில் ஹோஸ்ட்ஸ் கோப்புக்குத் தனி வரலாறு உண்டு. டிஎன்எஸ் வருவதற்கு முன், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இணையத்தின் விதிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில், 1987 நவம்பரில் வெளியான 1034, 1035 ஆகிய இரண்டு ஆவணங்களின்மீதுதான் இன்றைய டிஎன்எஸ் நிற்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பழைய கோப்பின் வாரிசு ஒவ்வொரு கணினியிலும் உயிரோடு இருக்கிறது. டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் அதுதான் படிக்கப்படுகிறது. சர்வரை மாற்றியபோது யாரோ சோதனைக்காக எழுதிவைத்துவிட்டு அழிக்காமல் போன ஒரு வரி, வருடங்கள் கழித்து ஒரே ஒரு கணினியை மட்டும் தவறான இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெயருக்குரிய முகவரியைக் கேட்டுச் சொல்லும் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளை ஹோஸ்ட்ஸ் கோப்பையும் இயங்குதளத்தின் கேச்சையும் பார்ப்பதில்லை. நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். பிங் கட்டளை மற்ற நிரல்களைப் போலவே இயங்குதளத்திடம் கேட்கும். இரண்டும் ஒரே பெயருக்கு வேறு வேறு முகவரி காட்டினால், சிக்கல் பெரும்பாலும் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். சர்வரைத் தொட வேண்டியதில்லை. இந்த ஒரு ஒப்பீடு எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

என்எஸ்லுக்அப் பற்றி இன்னொன்று. அதைத் திறந்ததும் சில நேரம் சர்வரின் பெயர் ‘தெரியாதது’ என்று காட்டும். பலர் அங்கேயே பதறி, டிஎன்எஸ் சர்வர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த சர்வரின் முகவரிக்குத் தலைகீழ்ப் பதிவு, அதாவது முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு, கிடைக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். கேட்ட பெயருக்குக் கீழே விடை வந்திருந்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்கும்போது பெயரின் இறுதியில் ஒரு புள்ளி வைத்துக் கேட்பது நல்ல பழக்கம். வைக்காவிட்டால் கணினி அலுவலக டொமைனின் பெயரைப் பின்னால் ஒட்டியும் கேட்டுப் பார்க்கும், வந்த விடை எந்தக் கேள்விக்கு உரியது என்று குழப்பம் வரும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: என்ன பதில் வந்தது? பக்கம் திறக்கவில்லை என்ற ஒரே தோற்றத்துக்குப் பின்னால் ஐந்து வகைப் பதில்கள் இருக்கின்றன. ‘என்எக்ஸ்டொமைன்’ என்றால், அப்படியொரு பெயரே கிடையாது என்று ஒரு சர்வர் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. இங்கே சர்வர் உயிரோடு இருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது. எழுத்துப்பிழையைத் தேடுங்கள், இல்லாவிட்டால் கேட்கக்கூடாத சர்வரிடம் கேட்டிருக்கிறோமா என்று பாருங்கள். ‘சர்வ்ஃபெயில்’ என்றால் நம் சர்வர் முயன்று பார்த்தது, விடை கண்டுபிடிக்க முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சில மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்தபோது, உலகெங்கும் உள்ள டிஎன்எஸ் சர்வர்கள் அதன் பெயருக்குத் தந்தது இந்தப் பதிலைத்தான். பெயர் இருந்தது. அதற்கு உரிமையுள்ள சர்வர்களை யாராலும் எட்ட முடியவில்லை. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் உனக்குச் சொல்ல மாட்டேன் என்ற மறுப்பு. சர்வரின் அனுமதிப் பட்டியலில் நம் முகவரி இல்லாதபோது வரும். புதிதாக ஒரு வைஃபை பிரிவை உருவாக்கி, அதன் முகவரி வரம்பை டிஎன்எஸ் சர்வரில் சேர்க்காமல் விடும்போது இதைப் பார்க்கலாம். நான்காவது, பிழை எதுவும் இல்லாமல் வெறுமையாக வரும் பதில்: பெயர் உண்டு, நீங்கள் கேட்ட வகைப் பதிவுதான் இல்லை. ஐபிவி6 என்னும் புதிய வகை ஐபி முகவரி இல்லாத பெயருக்கு அதைக் கேட்டால் இப்படித்தான் வரும், அதில் கோளாறு எதுவுமில்லை.

ஐந்தாவது மௌனம். கேள்வி போயிற்று, எதுவும் திரும்பவில்லை. சர்வர் படுத்திருக்கலாம், டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசலான 53ஆம் போர்ட்டை ஃபயர்வால் மறித்திருக்கலாம், கணினி வைத்திருக்கும் முகவரியில் இப்போது சர்வரே இல்லாமல் இருக்கலாம். இந்தக் கடைசி நிலைக்கு அதிகம் ஆளாவது பிரின்டர்கள்தான். யாரோ ஒரு காலத்தில் கையால் அமைத்துவிட்டுப் போன டிஎன்எஸ் முகவரியோடு அவை மூலையில் இருக்கும். ரவுட்டரை மாற்றியதும் மற்ற எல்லாம், இந்த அமைப்புகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி மூலம் புதிய முகவரியைப் பெற்றுக்கொள்ளும். பிரின்டர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அச்சடிப்பதில் குறை இராது. ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்புவது மட்டும் நின்றுபோகும், ஏனென்றால் மெயில் சர்வரின் பெயரை அதனால் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் மெயில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். சிறிய அலுவலகங்களில் விட்டுவிட்டு வரும் டிஎன்எஸ் கோளாறுகளுக்கு முதன்மையான காரணம், அமைப்புத் திரையில் இரண்டாவது டிஎன்எஸ் சர்வர் என்ற பெட்டியில் எழுதப்படும் முகவரிதான்.

வழக்கமான அமைப்பைப் பாருங்கள். அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் சர்வர் இருக்கிறது. கோப்புகளும் பயனர் கணக்குகளும் அதில். அதன் டிஎன்எஸ்ஸில்தான் உள்பெயர்கள், அதாவது அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் பெயர்கள், பதிவாகியிருக்கின்றன. அந்த சர்வரின் டொமைனில் சேர்ந்த கணினிகள் உள்நுழைவதற்குத் தேவையான சர்வரைக் கண்டுபிடிப்பதே, எந்தச் சேவை எந்த சர்வரில் இருக்கிறது என்று அந்த டிஎன்எஸ்ஸில் சொல்லும் எஸ்ஆர்வி பதிவுகளைக் கேட்டுத்தான். அமைப்பவர் முதல் பெட்டியில் அந்த சர்வரின் முகவரியை எழுதுகிறார். இரண்டாவது பெட்டி காலியாக இருப்பது அவருக்கு உறுத்துகிறது. சர்வர் ஒருநாள் நின்றுபோனாலும் இன்டர்நெட்டாவது வரட்டுமே என்ற நல்லெண்ணத்தில் 8.8.8.8 என்று எழுதுகிறார்.

முதலாவது சர்வருக்கு ஒரு பெயர் தெரியாவிட்டால் கணினி இரண்டாவதிடம் கேட்கும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்பதும் முழுமையான பதில்தான். அதைப் பெற்ற கணினி அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது சர்வரிடம் அது போவது, பெரும்பாலும் முதலாவது மௌனமாக இருக்கும்போதுதான். அந்த மௌனம் நீண்ட நேரம் இருக்க வேண்டிய அவசியமில்லை. விண்டோஸ் ஒரு விநாடி அளவில் பொறுத்துவிட்டு அடுத்ததைத் தொடும். சர்வர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் எழும் அந்தச் சில நிமிடங்களோ, காப்புப்பிரதி எடுக்கும்போது வரும் ஒரு சிறு தாமதமோ போதும். கணினி பொது சர்வரிடம் போய்க் கோப்பு சர்வரின் பெயரைக் கேட்கிறது. பொது சர்வர் உண்மையைச் சொல்கிறது: அப்படியொரு பெயர் உலகத்திலேயே இல்லை. கணினி அந்தப் பதிலைக் கேச்சில் வைத்துக்கொள்கிறது. அதோடு, பதில் தந்த சர்வரையே சிறிது நேரம் நம்பவும் தொடங்கிவிடுகிறது. லினக்ஸில் பெயர்களைத் தேடித் தரும் ‘சிஸ்டம்டி ரிசால்வ்டு’ நிரல் இதில் இன்னும் உறுதியானது. ஒரு சர்வருக்கு மாறிவிட்டால், அது தவறும்வரை முன்னதற்குத் திரும்புவதில்லை.

விளைவு எப்படி இருக்கும்? பக்கத்து மேசைக்காரருக்குக் கோப்புகள் திறக்கின்றன, இவருக்குத் திறக்கவில்லை. இணையம் இரண்டு பேருக்கும் வருகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிறது. இந்த அறிகுறிகளைக் கேட்டவுடன் நான் பார்ப்பது விண்டோஸின் ‘ஐபிகான்ஃபிக் ஆல்’ கட்டளை காட்டும் டிஎன்எஸ் வரிசையைத்தான். உள்பெயர் தெரியாத ஒரு முகவரி அதில் இருந்தால் தேடலைப் பாதியில் முடித்துக்கொள்ளலாம். கணினிக்குத் தரப்படும் எல்லா டிஎன்எஸ் சர்வர்களும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் தர வேண்டும். பொது சர்வரின் முகவரி இருக்க வேண்டிய இடம், தனக்குத் தெரியாத கேள்விகளை உள் சர்வர் யாருக்குக் கடத்த வேண்டும் என்று எழுதும் பட்டியல். கணினிகளின் பட்டியல் அல்ல.

‘அப்படியானால் உள் சர்வர் நின்றால் எல்லாமே நின்றுவிடுமே’ என்பார்கள். நின்றுவிடும்தான். அது ஒரே நேரத்தில் எல்லாருக்கும் தெரியும், சில நிமிடங்களில் காரணமும் தெரிந்துவிடும். சிலருக்கு மட்டும், சில நேரம் மட்டும் நேரும் கோளாறோ மாதங்களைத் தின்னும். அந்த ஆபத்தையும் ஏற்க முடியாது என்றால், உள்பெயர்கள் அனைத்தும் தெரிந்த இரண்டாவது சர்வர் ஒன்றை அலுவலகத்துக்குள்ளேயே வையுங்கள். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை.

வரிசை என்பதே பலருக்குத் தவறாகப் புரிந்திருக்கிறது. லினக்ஸில் நிரல்கள் பெயர் தேடப் பயன்படுத்தும் ‘ஜிலிப்சி’ நூலகம் வரிசையை மதிக்கிறது. ஆனால் முதல் மூன்று சர்வர்களைத்தான் பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி காத்திருக்கும். எல்லாப் பக்கங்களும் திறக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சரியாக ஐந்து விநாடி தயங்கித் திறக்கிறது என்று யாராவது சொன்னால், பட்டியலின் முதல் முகவரி செத்துக் கிடக்கிறது என்று ஊகிக்கலாம். அதே வேலையைச் செய்யும் ‘மஸ்ல்’ நூலகமோ எல்லா சர்வர்களிடமும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வருவதை ஏற்கும். முன்பு சொன்ன டிஎன்எஸ்மாஸ்க்கும் நாம் வற்புறுத்தினாலன்றி எழுதிய வரிசையைப் பின்பற்றாது. ‘முதன்மை’, ‘மாற்று’ என்று அமைப்புத் திரையில் எழுதியிருப்பதை ஒவ்வொரு நிரலும் தன் போக்கில்தான் புரிந்துகொள்கிறது.

பட்டியலைச் சரிசெய்த பிறகும் கோளாறு தொடர்ந்தால் ஐபிவி6 பக்கம் பாருங்கள். நாம் டிஹெச்சிபியில் கவனமாக உள் சர்வரின் முகவரியை எழுதியிருப்போம். இணைய சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டர், யாரும் கேட்காமலே ஐபிவி6 அறிவிப்பின் மூலம் தன்னையே டிஎன்எஸ் சர்வராகக் கணினிகளுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும். கணினிகள் பல சமயம் அதற்கே முன்னுரிமை தருகின்றன. நாம் நீக்கிய இரண்டாவது சர்வர் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஐபிவி6ஐ முழுக்க நிறுத்திவிடுவது பலர் சொல்லும் தீர்வு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரவுட்டரின் அறிவிப்பில் டிஎன்எஸ் பகுதியை மட்டும் நிறுத்தவோ, உள் சர்வரின் ஐபிவி6 முகவரியைப் போடவோ முடிந்தால் அதுவே சரியான வழி.

பிரவுசரும் தன் பங்குக்குத் தனி வழி போகும். ஹெச்டிடிபிஎஸ் வழியே டிஎன்எஸ் கேட்கும் முறை 2018இல் ஆர்எஃப்சி 8484 ஆக வந்தது. 2020 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் அதை அமெரிக்கப் பயனர்களுக்கு இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. பயணத்தில், நம்பத்தகாத வைஃபையில் இருப்பவருக்கு அது நல்ல பாதுகாப்பு. அலுவலகத்துக்குள்ளோ பிரவுசர் உள் சர்வரைத் தாண்டி வெளியே கேட்டுவிட்டு, உள்தளம் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். பிங்குக்குப் பதில் வருகிறது, இன்னொரு பிரவுசரில் திறக்கிறது, இதில் மட்டும் திறக்கவில்லை என்றால் இந்த அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு விபிஎன் என்ற பாதுகாப்பான சுரங்கம் வழியே இணைபவர்களின் கதையும் இதுதான்: சுரங்கம் திறந்திருக்கும், பெயர்கள் மட்டும் வீட்டு ரவுட்டரிடம் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது பெயர் வைப்பதில் தொடங்கும் தொல்லைகள். ஒரு காலத்தில் உள் டொமைனுக்கு ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர் வைப்பது பரவலாக இருந்தது. சிறிய அலுவலகங்களுக்கான மைக்ரோசாஃப்ட் சர்வர் பதிப்பே அப்படித்தான் அமைத்துக்கொடுத்தது. பிறகு 2013இல் ஆர்எஃப்சி 6762 பெயரின் அந்த இறுதிப் பகுதியை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கென்று ஒதுக்கிவிட்டது. இப்போது சில கணினிகள் .லோக்கல் பெயரைக் கண்டால் டிஎன்எஸ் சர்வரிடம் போகாமல் 5353ஆம் போர்ட்டில் பக்கத்துக் கணினிகளிடம் கேட்கின்றன. ‘.டெவ்’ என்று வைத்தவர்களுக்கும் இதே கதி. அது உண்மையான மேல்மட்ட டொமைனாக ஆகிவிட்டது, 2017 இறுதியில் குரோம் அந்தப் பெயர்களை ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்க மறுக்கத் தொடங்கியது. உங்கள் உள்பெயர் ஒன்று 127.0.53.53 என்ற விநோத முகவரியைக் காட்டினால் அது வைரஸ் அல்ல. நீங்கள் வைத்துக்கொண்ட பெயர் உலக டிஎன்எஸ்ஸில் உண்மையான பெயரோடு மோதுகிறது என்று எச்சரிப்பதற்காகவே, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2014இல் தேர்ந்தெடுத்த முகவரி அது. இறுதியில் இரண்டு முறை வரும் 53, டிஎன்எஸ்ஸின் போர்ட் எண். உதவி கேட்க வழியில்லாத ஒரு முகவரிக்குள் ஒரு தகவலை ஒளித்துவைத்த அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

புதிதாக அமைப்பவர்களுக்கு: அலுவலகத்துக்குச் சொந்தமான டொமைன் இருந்தால் அதன் கீழேயே ஒரு கிளைப்பெயரை உள்பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 2018இல் வீட்டு நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்ட ‘ஹோம்.ஆர்ப்பா’ இருக்கிறது. ‘.இன்டர்னல்’ என்ற இறுதிப் பகுதியையும் 2024 ஜூலையில் ஐகான் தனிப்பட்ட பயன்பாட்டுக்கென ஒதுக்கிவிட்டது. அது இனி யாருக்கும் விற்கப்படாது.

சொந்த டொமைனின் கிளைப்பெயருக்கு 192.168 என்று தொடங்கும் முகவரியை வெளி டிஎன்எஸ்ஸிலேயே பதிவுசெய்பவர்கள் இன்னொரு பொறியில் மாட்டுவார்கள். பல ரவுட்டர்கள், வெளியிலிருந்து வரும் பதிலில் தனிப்பட்ட முகவரி இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடும். தாக்குபவர் தன் பெயரை உங்கள் உள்முகவரிக்குத் திருப்பிவிடும் தந்திரத்தைத் தடுப்பதற்கான காப்பு அது. செல்பேசியின் டேட்டாவில் கேட்டால் பதில் வரும், அலுவலக வைஃபையில் கேட்டால் வெறுமையாக வரும். காப்பை நிறுத்திவிடாதீர்கள்; அந்த ஒரு டொமைனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.

பதிவை மாற்றிவிட்டு ‘உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும்’ என்று சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். டிஎன்எஸ்ஸில் பதிவுகளை யாரும் உலக சர்வர்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பதில்லை. ஏற்கெனவே கேச்சில் இருக்கும் பழைய பதிவின் ஆயுள் முடியும்வரை பழைய விடை, முடிந்தவுடன் புதிய விடை. அந்த ஆயுளை, 3600 விநாடி, 86400 விநாடி என்று நாமே எழுதிவைத்திருக்கிறோம். மெயில் சர்வரை மாற்றப்போகிறீர்கள் என்றால் முந்தைய நாளே அதை 300க்குக் குறைத்துவிடுங்கள். ‘டிக்’ கட்டளையில் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் அந்த எண் இறங்கிக்கொண்டே வருவது தெரியும். அப்படி இறங்கினால் விடை கேச்சிலிருந்து வருகிறது. ‘இல்லை’ என்ற பதிலுக்கும் ஆயுள் உண்டு. 1998இன் ஆர்எஃப்சி 2308 அதை வரையறுக்கிறது. புதிய பெயரைப் பதிவுசெய்வதற்கு முன்பே ஆர்வத்தில் சோதித்துப் பார்த்தவருக்கு மட்டும் அது கொஞ்ச நேரம் திறக்காமல் இருப்பதன் காரணம் இதுதான்.

மின்தடைக்குப் பிறகு வரும் ஒரு கோளாறைச் சொல்லாமல் விட மனமில்லை. நான் பார்த்தவற்றில் மிக அழகான முடிச்சு அது. பல சிறிய ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் தேதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். பதில் போலியல்ல என்பதைக் கையொப்பத்தைக் கொண்டு உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு ரவுட்டரில் இயக்கப்பட்டிருந்தால், பதில்களோடு வரும் கையொப்பங்களின் செல்லுபடிக் காலத்தை அது இந்தத் தவறான தேதியோடு ஒப்பிடும். எதுவும் பொருந்தாது, கையொப்பமிட்ட எல்லாவற்றுக்கும் சர்வ்ஃபெயில். தேதியைச் சரிசெய்ய நேர சர்வரிடம் போக வேண்டும். அந்த நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். ஒன்று மற்றதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நேர சர்வர்களில் ஒன்றையாவது பெயராக அல்லாமல் ஐபி முகவரியாக எழுதிவைத்தால் முடிச்சு அவிழும். சில நிரல்களில், தேதி சரியாகும்வரை கையொப்பத்தின் காலத்தை மட்டும் பார்க்காமல் இருக்கும் வசதியும் உண்டு.

இதேபோல் ஒளிந்திருக்கும் இன்னொன்று டிசிபி. யுடிபி, டிசிபி இரண்டும் தரவை அனுப்பும் முறைகள்; டிஎன்எஸ் என்றால் யுடிபி 53 என்று மனப்பாடம் செய்தவர்கள் ஃபயர்வாலில் டிசிபி 53ஐ மூடிவிடுகிறார்கள். தொடக்கத்தில் யுடிபி பதிலின் எல்லை 512 பைட். பின்னர் அது நீட்டிக்கப்பட்டாலும், பதில் பெரிதாகும்போது கேட்பவர் டிசிபிக்கு மாறித்தான் ஆக வேண்டும். சிறிய பெயர்கள் எல்லாம் திறந்து, ஏராளமான பதிவுகள் கொண்ட ஒன்றிரண்டு பெயர்கள் மட்டும் என்றைக்கும் திறக்காவிட்டால் அந்த விதியைப் பாருங்கள்.

இவ்வளவையும் பிடிப்பதற்கு மிகவும் உதவுவது உள் சர்வரின் கேள்விப் பதிவேடு. எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எந்தப் பெயரைக் கேட்டது, என்ன பதில் போயிற்று என்று அது வரிவரியாகச் சொல்லும். விட்டுவிட்டு வரும் கோளாறை ஊகத்தால் பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் பதிவேடு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதே பதிவேட்டில் ஒரு ஊழியர் எந்த மருத்துவமனையின் தளத்தைத் தேடினார், எந்த வேலைவாய்ப்புத் தளத்தைப் பார்த்தார் என்பதும் இருக்கும். அதனால் அதை எப்போதும் ஓடவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. கோளாறைத் தேடும் நாட்களில் மட்டும், அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு இயக்குகிறேன். தேடிய பெயருக்கு உரிய வரிகளைத் தனியே எடுத்துக்கொண்டு மீதியை அழிக்கிறேன். நிர்வாகத்திலிருந்து யாராவது அந்தக் கோப்பைக் கேட்டால், கோளாறு குறித்த வரிகளைத் தவிர வேறெதுவும் என்னிடம் இல்லை என்று அவர்களிடம் நேர்மையாகச் சொல்ல முடிகிறது.